ஆன்டிபயாட்டிக் கண் சொட்டு மருந்து ரத்தத்தில் கலக்குமா? பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கலக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் "கண்ணில் விட்டது கண்ணோடு போச்சு, உடம்புக்கு ஒன்றும் ஆகாது" என்று ஒரு கூட்டம் சொல்கிறது, "எந்த மருந்தானாலும் உடம்பு முழுக்கப் பரவும், ஜாக்கிரதை" என்று இன்னொரு கூட்டம் பயமுறுத்துகிறது. இரண்டில் எதை நம்பினாலும் தப்பான இடத்தில் பயப்பட்டு, பயப்பட வேண்டிய இடத்தில் கோட்டை விடுவோம். எவ்வளவு கலக்கிறது, எந்த மருந்து கலக்கிறது, யாருடைய உடம்பில் கலக்கிறது என்ற மூன்றையும் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். வழக்கமான ஆன்டிபயாட்டிக் சொட்டுகளில் ரத்தத்துக்குப் போகும் அளவு மிகமிகக் குறைவு. அந்த மருந்துகளில் உண்மையான ஆபத்து பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. அதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். உங்கள் பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

படி 1: சொட்டு எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டு சுமார் 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். நம் கண்ணில் எந்நேரமும் இருக்கும் கண்ணீரோ 7 முதல் 10 மைக்ரோலிட்டர்தான். கீழ் இமைக்கும் விழிக்கும் நடுவில் உள்ள அந்தச் சின்னப் பையில் எவ்வளவு முயன்றாலும் சுமார் 30 மைக்ரோலிட்டருக்கு மேல் தங்காது. அதனால் சொட்டு விழுந்த அந்த நொடியிலேயே மருந்தில் ஒரு பங்கு கன்னத்தில் வழிந்துவிடுகிறது.

மிச்சம் இருப்பதற்கு மூன்று வழிகள். ஒரு சிறு பங்கு கருவிழியைத் தாண்டிக் கண்ணுக்குள் போகும், அது பொதுவாக 5 சதவீதத்துக்கும் குறைவு. இன்னொரு பங்கை வெள்ளை விழியின் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய சவ்வில் உள்ள ரத்தக் குழாய்கள் இழுத்துக்கொள்ளும். மூன்றாவதுதான் பெரிய வழி, அது மூக்கு.

கண்ணாடி முன்னால் நின்று கீழ் இமையை லேசாகக் கீழே இழுத்துப் பாருங்கள். மூக்குப் பக்க மூலைக்கு அருகே, இமையின் விளிம்பில், சின்ன மேடு ஒன்றும் அதன் நடுவில் ஊசி முனை அளவு ஓட்டை ஒன்றும் தெரியும். மேல் இமையிலும் அதே மாதிரி ஒன்று உண்டு. கண்ணீர் வடியும் வாய்க்கால் அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண்ணில் இருக்கும் திரவம் இந்த ஓட்டைகள் வழியாகக் கண்ணீர்ப் பைக்கும், அங்கிருந்து மூக்குக்குள்ளும் தள்ளப்படுகிறது. மூக்கின் உட்சவ்வில் ரத்தக் குழாய்கள் நெருக்கமாக இருப்பதால் மருந்து அங்கிருந்து நேராக ரத்தத்தில் ஏறிவிடும். மீதி தொண்டைக்கு இறங்கி வயிற்றுக்குப் போய்ச் சேரும். சொட்டு விட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசக்கிறது என்று சிலர் சொல்வது இதனால்தான். கசந்தால் பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் மருந்து கண்ணில் தங்காமல் மூக்குக்கு ஓடிவிட்டது என்பதற்கு அது சாட்சி.

இந்த மூக்கு வழியில் ஒரு விசேஷம் உண்டு. மாத்திரையாக விழுங்கும் மருந்து குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போகும், அங்கே ஒரு பங்கு சிதைந்த பிறகுதான் மற்ற உறுப்புகளுக்கு வரும். மூக்கு வழியாக ஏறுவது அந்த முதல் வடிகட்டலைத் தாண்டி நேரே உடம்புக்குள் போய்விடுகிறது. இது எல்லா மருந்துக்கும் பெரிய விஷயமில்லை, சில மருந்துகளுக்கு மிகப் பெரிய விஷயம். படி 4-இல் அதைப் பார்க்கலாம்.

படி 2: லேபிளைப் படித்து மில்லிகிராம் கணக்குப் போடுங்கள்

லேபிளில் சதவீதம் போட்டிருக்கும். 1% என்றால் ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் மருந்து. அதன்படி 0.5% என்றால் 5 மில்லிகிராம், 0.3% என்றால் 3 மில்லிகிராம். ஒரு மில்லிலிட்டரில் சுமார் 20 சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலைப் பொறுத்து இது 30 வரைகூடப் போகும், ஆனால் பெரிய சொட்டு என்று வைத்துக் கணக்குப் போட்டால் நாம் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்கிறோம் என்று அர்த்தம், அது நல்லதுதான்.

மாக்ஸிஃப்ளாக்ஸசின் 0.5% சொட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு சொட்டில் 0.25 மில்லிகிராம். இரண்டு கண்ணுக்கும் நாளைக்கு மூன்று வேளை என்றால் 6 சொட்டு, மொத்தம் 1.5 மில்லிகிராம். அதே மருந்து மாத்திரையாக வந்தால் ஒரு நாள் அளவு 400 மில்லிகிராம். ஒரு துளிகூடச் சிந்தாமல் மொத்தமும் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றே வைத்தாலும் மாத்திரையில் 260-இல் ஒரு பங்குக்கும் குறைவுதான்.

டோப்ராமைசின் 0.3% என்றால் ஒரு சொட்டில் 0.15 மில்லிகிராம். இரண்டு கண்ணுக்கும் நான்கு வேளை விட்டால் நாளைக்கு 1.2 மில்லிகிராம். கடுமையான தொற்றுக்கு இதே மருந்தை ஊசியில் போடும்போது உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பது வழக்கமான நாளளவு, 60 கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராம் ஆகிறது. காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்று இந்த மருந்துக்குப் பேர் உண்டு, அதைப் படித்துவிட்டுத்தான் பலரும் பயப்படுகிறார்கள். அந்தப் பேர் வந்தது ஊசியால். அதோடு இந்த வகை மருந்து குடலில் அவ்வளவாக உறிஞ்சப்படாது, ஆகையால் தொண்டை வழியாக வயிற்றுக்குப் போனதும் கணக்கில் வராது.

படி 3: ரத்தத்தில் அளந்து பார்த்ததில் என்ன தெரிந்தது

மேலே போட்டது பேப்பர் கணக்கு. நிஜத்தில் ரத்தத்தை எடுத்துச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மாக்ஸிஃப்ளாக்ஸசின் 0.5% சொட்டை இரண்டு கண்ணிலும் நாளைக்கு மூன்று வேளை விட்டவர்களின் ரத்தத்தில் உச்ச அளவு சராசரியாக ஒரு மில்லிலிட்டருக்கு 2.7 நானோகிராம். 400 மில்லிகிராம் மாத்திரை சாப்பிட்டால் வருவதோடு ஒப்பிட்டால் இது சுமார் 1,600 மடங்கு குறைவு. நானோகிராம் என்பது ஒரு மில்லிகிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிப்ரோஃப்ளாக்ஸசின் சொட்டை முதல் இரண்டு நாள் விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கு ஒருமுறை, பிறகு நான்கு மணிக்கு ஒருமுறை என்று விட்டுப் பார்த்தபோதும் ரத்த அளவு 5 நானோகிராமைத் தாண்டவில்லை. ஆஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் இரண்டும் ஏறத்தாழ இதே கதைதான், மாத்திரையைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவு.

பேப்பர் கணக்கில் 260 மடங்கு வந்தது, ரத்தத்தில் 1,600 மடங்கு என்று வருகிறதே என்று கேட்டால், வழிந்துபோனது, ஏறாமல் கழிந்தது, நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து விட்டதால் ஒரே நேரத்தில் சேராதது என்று எல்லாம் சேர்ந்துதான் அந்த வித்தியாசம்.

மேலே பார்த்த மாக்ஸிஃப்ளாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின் எல்லாம் ஃப்ளோரோகுயினலோன் என்ற வகை. அந்த வகை மாத்திரைகளுக்கு, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் கிழிதல், இதயத் துடிப்பின் மின்தாளம் மாறுதல், சர்க்கரை தாழ்தல் என்று நீளமான எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தசைநாண் பற்றிக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னது 2008-இல், விழுங்குகிற மருந்துக்கும் ஊசிக்கும். மருந்துப் பேரை இணையத்தில் தட்டினால் முதலில் வருவது இந்தப் பட்டியல்தான், கண் சொட்டு வாங்கியவர் அதைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டுப்போகிறார். ஆயிரம் மடங்கு குறைந்த அளவுக்கு அந்தப் பட்டியலை அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியில்லை. ஆனால் இதே மருந்து வகையால் முன்பு உங்களுக்குத் தசைநாண் பிரச்சினை வந்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், வேறு வகைச் சொட்டு எழுதித் தருவதில் அவருக்குக் கஷ்டம் எதுவும் இல்லை.

படி 4: உங்கள் பாட்டிலில் இருப்பது ஆன்டிபயாட்டிக்தானா என்று பாருங்கள்

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் "கண் சொட்டு ரத்தத்தில் கலந்து ஆபத்து வந்தது" என்று நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் கதையாக இருக்காது.

டிமோலால் 0.5%, கண் அழுத்தத்துக்குப் போடுவது. ஒரு சொட்டில் 0.25 மில்லிகிராம், நாம் மேலே பார்த்த மாக்ஸிஃப்ளாக்ஸசினுக்கும் அதே 0.25 தான். ஆனால் டிமோலால் மாத்திரையே 10 மில்லிகிராம் அளவில்தான் தொடங்கும், அதில் ஏறத்தாழ பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். மூக்கு வழியாக ஏறும் சொட்டு அந்தக் கல்லீரலைத் தாண்டிவிடுகிறது. ஆகவே சின்ன அளவே இதயத் துடிப்பைக் குறைக்கவும் ஆஸ்துமா இருப்பவருக்கு மூச்சுக்குழாயை இறுக்கவும் போதும். அப்படி உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் உண்டு.

கண் பாவையை விரிக்கும் அட்ரோபின் 1% சொட்டு ஒவ்வொன்றிலும் 0.5 மில்லிகிராம் இருக்கிறது. இதயத் துடிப்பு மிகக் குறைந்துபோன பெரியவர்களுக்கு நரம்பில் ஏற்றிவந்த ஒரு டோஸ் அளவு அது. சின்னக் குழந்தைக்கு விட்டால் முகம் சிவந்து, உடம்பு சுட்டு, நாக்கு வறண்டு, நாடி வேகமாக ஓடுவதைப் பார்க்கலாம். ஃபினைலெஃப்ரின் 10% என்றால் சொட்டுக்கு 5 மில்லிகிராம், ரத்த அழுத்தம் எகிறிவிடும். பிரிமோனிடின் கைக்குழந்தைகளை மூச்சு அடங்கும் அளவுக்கு மயக்கத்தில் தள்ளக்கூடியது.

மில்லிகிராம் ஒன்றாக இருந்தாலும் மருந்து வேறு என்றால் கதையும் வேறு. கண் சிகிச்சையில் இருப்பவர்கள் வீட்டில் ஒரே மாதிரி குட்டி பாட்டில்கள் நாலைந்து வரிசையாக நிற்கும், ஒன்றுக்கு ஒன்று மாறிப்போவது சகஜம். தொற்றுக்கான பாட்டிலையும் அழுத்தத்துக்கான பாட்டிலையும் தனித்தனி டப்பாவில் வையுங்கள், மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

படி 5: கலவை மருந்தா? ஸ்டீராய்டு இருக்கிறதா?

லேபிளில் ஆன்டிபயாட்டிக் பேருக்குப் பக்கத்தில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், லோட்டிப்ரெட்னால், ஃப்ளோரோமெத்தலோன் என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. என்னைக் கேட்டால், ஆன்டிபயாட்டிக் ரத்தத்தில் கலக்குமா என்று கவலைப்படுகிறவர்கள் அந்தக் கவலையில் பாதியை இந்த இரண்டாவது பேர் மேல் திருப்பினாலே போதும்.

ஸ்டீராய்டு கண்ணின் சிவப்பைச் சீக்கிரம் அடக்கிவிடும், அதனால் எல்லோருக்கும் அது பிடிக்கும். முன்பு ஒருமுறை கேட்டது என்பதற்காக அதே பாட்டிலை மறுபடி மறுபடி வாங்கி விடுகிறார்கள். வாரக்கணக்கில் போனால் கண் அழுத்தம் வலியே இல்லாமல் ஏறும், மாதக்கணக்கில் போனால் கண்புரை வரும். கண்ணில் இருப்பது ஹெர்பீஸ் வைரஸ் புண்ணாகவோ பூஞ்சைப் புண்ணாகவோ இருந்தால் ஸ்டீராய்டு அதைக் கொழுந்துவிட்டு எரிய வைத்துவிடும். கைக்குழந்தைகளுக்கு நீண்ட நாள் விட்டதில் ரத்தத்தில் ஏறி, முகம் உப்பி, எடை கூடி, உடம்பின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பே அடங்கிப்போனதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்பதை எழுதிக்கொடுத்த டாக்டரே சொல்ல வேண்டும். மிச்சம் வைத்த பாட்டிலை வீட்டில் இன்னொருவர் கண்ணுக்கு விடாதீர்கள்.

படி 6: அளவு கணக்கு செல்லாத இடங்கள்

ஆயிரம் மடங்கு குறைவு என்றேன். அந்த ஆறுதல் ஒவ்வாமையிடம் எடுபடாது. ஒரு மருந்துக்கு ஏற்கெனவே முறுக்கிக்கொண்டு நிற்கும் உடம்புக்கு நானோகிராமே போதும். மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்தது, உதடு வீங்கியது, மூச்சு முட்டியது என்று உங்களுக்கு ஒரு பழைய கதை இருந்தால், அந்த மருந்தும் அதன் குடும்பமும் கண் சொட்டாகவும் வேண்டாம். "அது மாத்திரைதானே, இது சொட்டுதானே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் சல்ஃபாசெட்டமைட் சொட்டைத் தொடவே கூடாது. தோலும் வாயும் கொப்புளித்து உரியும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் கண்ணில் விட்ட சல்ஃபாவாலும் வந்திருக்கிறது. நியோமைசின் வேறு மாதிரி. ரத்தம் வரைக்கும் போகாமல் இமைத் தோலிலேயே அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். தொற்று குறைகிற நேரத்தில் இமை மட்டும் மேலும் மேலும் சிவந்து அரித்தால், நோய் கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் அதிகமாக விடுகிறோம், அது இன்னும் அரிக்கிறது. அங்கே நிறுத்தி டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அப்புறம் குளோராம்பெனிகால். இதைப் பற்றி ஒரு பழைய சண்டையே உண்டு. வாயாலும் ஊசியாலும் எடுத்தபோது மிக அரிதாக எலும்பு மஜ்ஜை முழுவதுமாக நின்றுபோகும் நோய் இதனால் வந்தது, அந்த வகை பாதிப்பு அளவைப் பொறுத்து வருவதில்லை. அளவு முக்கியமில்லை என்றால் சொட்டிலும் வரலாமே என்ற கேள்வி நியாயமானது. சில தனிப்பட்ட பதிவுகளும் வந்தன. ஆனால் பெருந்திரள் மக்களை வைத்துப் பார்த்த ஆய்வுகளில், அப்படி ஒரு ஆபத்து இருந்தாலும் அது பத்து லட்சம் சிகிச்சைக்கு ஒன்றுக்கும் குறைவு என்றுதான் கணக்கு வந்தது. பிரிட்டனில் 2005 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே மருந்தகத்தில் கொடுக்கிறார்கள், அமெரிக்காவிலோ கண்ணுக்கு அதை ஏறக்குறைய எழுதுவதே இல்லை. ஒரே தகவலை வைத்துக்கொண்டு இரண்டு நாடுகள் இரண்டு முடிவு எடுத்திருக்கின்றன. என் கருத்து: உங்களுக்கோ நெருங்கிய ரத்த உறவுக்கோ மஜ்ஜை, ரத்த அணுக்கள் சம்பந்தமான நோய் இருந்தால் இதைத் தவிர்த்துவிடுங்கள், வேறு மருந்து எத்தனையோ இருக்கிறது. இல்லையென்றால் சொன்ன நாட்கள் மட்டும் விட்டு நிறுத்துவதில் பயப்பட ஏதும் இல்லை.

படி 7: யார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்

கைக்குழந்தைகள் முதலில். சொட்டின் அளவு குழந்தைக்காகச் சுருங்குவதில்லை. 60 கிலோ ஆளுக்கும் 3 கிலோ குழந்தைக்கும் விழுவது அதே சொட்டு, அதனால் எடைக்கு எடை பார்த்தால் குழந்தைக்கு 20 மடங்கு. மாக்ஸிஃப்ளாக்ஸசின் கணக்கையே திரும்பப் போட்டால், நாளைக்கு 1.5 மில்லிகிராம் முழுவதும் 3 கிலோ குழந்தையின் ரத்தத்தில் ஏறினாலும் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். மாத்திரை சாப்பிடும் பெரியவருக்கு அது கிலோவுக்கு 6.7. ஆன்டிபயாட்டிக் இன்னும் பாதுகாப்பான பக்கத்தில்தான் நிற்கிறது, ஆனால் இடைவெளி எவ்வளவு சுருங்கிவிட்டது பாருங்கள். இதே 20 மடங்கை அட்ரோபினுக்கும் பிரிமோனிடினுக்கும் போட்டுப் பார்த்தால் ஏன் குழந்தை மருத்துவர்கள் அவற்றில் அவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்று புரியும். பிறந்து ஒரு மாதத்துக்குள் கண்ணில் பீழை தள்ளினால் வீட்டில் இருக்கும் எந்தச் சொட்டையும் விடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், பிரசவத்தின்போது தொற்றிய கிருமியாக இருந்தால் சொட்டு மட்டும் போதாது.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கர்ப்பத்தையும் பாலூட்டுவதையும் சொல்லி மருந்து வாங்குங்கள், டாக்டர் அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பார். எரித்ரோமைசின் களிம்பைச் சில நாடுகளில் பிறந்த குழந்தையின் கண்ணிலேயே தொற்றுத் தடுப்புக்காகப் போடுகிறார்கள் என்பதே அதன் பாதுகாப்பைப் பற்றி நிறையச் சொல்கிறது. தாயின் ரத்தத்தில் நானோகிராம் அளவில் இருக்கும் மருந்து பாலில் வருவது அதற்குள் இன்னும் ஒரு துணுக்கு. விடும்போது படி 8-இல் சொல்லும் அழுத்தும் முறையைச் செய்தால் அதுவும் குறையும். சிகிச்சை எடுக்காமல் கருவிழியில் புண் வர விடுவதுதான் இங்கே மோசமான முடிவு.

கருவிழிப் புண்ணுக்காக மணிக்கு ஒரு சொட்டு, இரவும் பகலும் என்று விடுகிறவர்களுக்குக் கணக்கு மாறும். அப்போது சாதாரணச் சொட்டுக்குப் பதிலாகச் செறிவு கூட்டித் தயாரித்தவற்றைக் கொடுப்பார்கள். டோப்ராமைசின் மில்லிலிட்டருக்கு சுமார் 14 மில்லிகிராம் இருக்கும், 24 சொட்டில் கிட்டத்தட்ட 17 மில்லிகிராம். படி 2-இல் பார்த்த ஊசியின் 180 மில்லிகிராமுக்கு முன்னால் இது இன்னும் சின்னதுதான், இருந்தாலும் சிறுநீரகம் பழுதானவர்கள், ஏற்கெனவே இதே வகை ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் இரண்டு டாக்டர்களுக்கும் விஷயத்தைத் தெரியப்படுத்த வேண்டும். மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோய் உள்ளவர்களும் அப்படியே. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் சிப்ரோஃப்ளாக்ஸசின் மாத்திரை என்றால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், சொட்டில் அந்த அளவு ஏறுவதில்லை. ஆனாலும் வழக்கமாக எடுக்கும் மருந்துப் பட்டியலில் சொட்டையும் சேர்த்துச் சொல்வது ஒரு நல்ல பழக்கம்.

கருத்தடை மாத்திரை, மது, குடலில் உள்ள நல்ல பாக்டீரியா இதையெல்லாம் கேட்கிறார்கள். இந்த அளவு மருந்து அங்கெல்லாம் போய் எதையும் கலைக்காது.

படி 8: கண்ணில் தங்கும்படி, மூக்குக்குப் போகாதபடி விடுவது எப்படி

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள், தொற்று முழுவதும் சரியாகும் வரை அது வேண்டாம். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையைக் கீழே இழுத்துப் பை மாதிரி திறந்து வைத்து, மேலே பார்த்துக்கொண்டே ஒரு சொட்டு விடுங்கள். முனை இமையையோ கண்முடியையோ தொடக் கூடாது.

ஒரே ஒரு சொட்டு. இதில்தான் நிறையப் பேர் தாராளமாக இருக்கிறார்கள். 30 மைக்ரோலிட்டர் தங்கும் இடத்தில் இரண்டாவது சொட்டு விட்டால் அது முதல் சொட்டை அடித்துக்கொண்டு வெளியே போகும், கண்ணுக்குப் பலன் கூடாது, கன்னத்துக்கும் மூக்குக்கும்தான் போகும். முதல் சொட்டு வெளியே விழுந்துவிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் இன்னொன்று.

சொட்டு விட்டதும் கண்ணை மெதுவாக மூடுங்கள். இறுக்கி மூடவோ பட்பட்டென்று இமைக்கவோ வேண்டாம், ஒவ்வொரு இமைப்பும் ஒரு பம்ப் அடிப்பு போல மருந்தை மூக்குக்குள் தள்ளும். இப்போது ஆள்காட்டி விரல் நுனியைக் கண்ணின் உள் மூலையில், மூக்கு எலும்பை ஒட்டி வைத்து லேசாக அழுத்துங்கள். விரலுக்குக் கீழே எலும்பின் விளிம்பு தட்டுப்பட வேண்டும், விழியின் மேல் அழுத்தம் விழக் கூடாது. இரண்டு மூன்று நிமிடம் செய்தாலே நல்லது, முடிந்தால் ஐந்து. டிமோலாலை வைத்து 1984-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐந்து நிமிடம் இப்படி அழுத்தியவர்களுக்கும் சும்மா கண்ணை மூடிக்கொண்டவர்களுக்கும் ரத்தத்தில் ஏறும் அளவு 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. அழுத்தத் தெரியவில்லை, குழந்தை அழுத்த விடவில்லை என்றால் கண்ணை மூடி வைப்பதே ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த செய்தி.

புண்ணாக, பீழையாக, வீங்கிய நிலையில் இருக்கும் மூலையை அழுத்த வேண்டாம். கண்ணீர்ப் பையிலேயே தொற்று இருந்தால் அது வலியை இன்னும் கூட்டும். அப்போது மூடி வைப்பது மட்டும் போதும். கண் அறுவை சிகிச்சை முடிந்த புதிதில் என்றால் அழுத்தலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு விதச் சொட்டு இருந்தால் நடுவில் ஐந்து நிமிடமாவது விடுங்கள். களிம்பு கடைசியில். வழிந்ததைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், கையை மறுபடி கழுவுங்கள்.

படி 9: பாட்டிலே கிருமிக் கூடாக மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

மருந்து ரத்தத்துக்குப் போவதைவிட, அசுத்தமான பாட்டிலிலிருந்து கிருமி உடம்புக்குள் போவது பெரிய விபரீதம். அமெரிக்காவில் 2022-இலும் 2023-இலும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு வழியாக மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் கிருமி பரவியது. 81 பேருக்குத் தொற்று, 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேர் இறந்தார்கள், சிலருக்குக் கிருமி ரத்தத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அதில் எந்த ஆன்டிபயாட்டிக்கும் இல்லை, வெறும் ஈரப்பதத்துக்கான சொட்டு. அது தயாரிப்பிலேயே வந்த கோளாறு, வீட்டில் நம் கையில் இருப்பது முனையைத் தொடாமல் இருப்பது, இன்னொருவரோடு பகிராமல் இருப்பது, திறந்த தேதியை எழுதி வைத்து நான்கு வாரத்தில் தூக்கி எறிவது.

நாட்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொடுத்த நாட்கள் முடியும் வரை விடுங்கள், அதற்கு மேல் இழுக்காதீர்கள். திரும்பத் திரும்ப ஒரே ஆன்டிபயாட்டிக் சொட்டு விட்டவர்களின் கண்ணிலும் மூக்கிலும் அந்த மருந்துக்கு மசியாத பாக்டீரியா குடியேறியதைப் பார்த்திருக்கிறார்கள். சிவந்து நீர் வடியும் கண் பெரும்பாலும் வைரஸ் வேலை, அதற்கு ஆன்டிபயாட்டிக் எதுவும் செய்யாது, தானாகவே அடங்கும்.

படி 10: விட்ட பிறகு எதைக் கவனிக்க வேண்டும்

ஓரிரு நிமிட எரிச்சல், கொஞ்ச நேரம் மங்கல், தொண்டையில் கசப்பு இவை சாதாரணம். சிப்ரோஃப்ளாக்ஸசின் அடிக்கடி விடும்போது புண்ணின் மேல் வெள்ளையாகப் படிவதும் மருந்துதான், டாக்டர் பார்த்து உறுதிசெய்வார்.

உடம்பில் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குவது, மூச்சு இழுப்பது, வாயில் புண்ணும் தோலில் கொப்புளமும் வருவது என்று எது வந்தாலும் சொட்டை நிறுத்திவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கண் வலி கூடுவது, வெளிச்சம் பார்க்க முடியாமல் போவது, பார்வை குறைவது, இரண்டு மூன்று நாளாகியும் கொஞ்சமும் அடங்காமல் இருப்பது எல்லாம் கண் டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள். லென்ஸ் போடுகிறவர்கள் இரண்டு மூன்று நாள் காத்திருக்கவே வேண்டாம், கண் சிவந்து வலித்தால் அன்றே போங்கள்.

குழந்தை பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டால்? 5 மில்லிலிட்டர் மாக்ஸிஃப்ளாக்ஸசின் பாட்டில் முழுவதையும் குடித்தாலும் 25 மில்லிகிராம்தான் ஆகிறது, பெரியவர் மாத்திரையில் பதினாறில் ஒரு பங்கு, ஆகவே பதறாமல் டாக்டரிடம் கேட்டு நடக்கலாம். ஆனால் கண் சிவப்பை வெளுக்க வைக்கும் டெட்ராஹைட்ரோஸோலின், நாஃபஸோலின் சொட்டுகள் அப்படியில்லை. 1 முதல் 2 மில்லிலிட்டர் விழுங்கினாலே சின்னக் குழந்தை மயங்கி, இதயத் துடிப்பு தாழ்ந்து ஆபத்துக்குப் போகலாம் என்று எஃப்.டி.ஏ. 2012-இல் எச்சரித்தது. அட்ரோபின், டிமோலால், பிரிமோனிடின் பாட்டில்களுக்கும் அதே அவசரம்தான். வாந்தி எடுக்க வைக்க முயலாமல், குழந்தையையும் பாட்டிலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள். பாட்டில் கையில் இருந்தால் என்ன மருந்து, எத்தனை சதவீதம், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.